இருபத்தொரு தோப்புக்கரணம்

மலாயாவில் ரப்பர் விலை விழுந்து, வேலைக்கு உதவாதவர்களையெல்லாம் ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கூலிகளின் லயத்து வரிசையில் ஒரு வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குத் தண்டவாளக் கேங்கில் சம்மட்டி அடிக்கிற வேலை. அவருடைய வலது முட்டி வீங்கத் தொடங்கியபோது எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, எரிச்சல். வீங்குவதற்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா என்று அந்த முட்டியைப் பார்த்தே கேட்டேன்.

ஆட்களைக் குறைப்பதற்கு முன் ஒரு டாக்டர் துரை வந்து சோதிப்பார் என்று பேச்சாக இருந்தது. கையை எங்கும் ஊன்றாமல் குந்தி எழ வேண்டும், அவ்வளவுதான் சோதனை. எழ முடியாதவன் அடுத்த கப்பலில் ஏற வேண்டும். ஊரில் எங்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. வா என்று கூப்பிட ஆளும் கிடையாது.

லயத்துக் கோடியில் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஒருவர் இருந்தார். முட்டியை அமுக்கிப் பார்த்தார்.

"இது வாதம் இல்ல தங்கச்சி. உள்ள எலும்புருக்கி மாதிரி தெரியுது. பலகை வச்சுக் கட்டி, மடக்காம மூணு மாசம் படுக்கப் போடணும்."

எலும்புருக்கி என்றால் இருமி இருமி ரத்தம் கக்குவார்கள். இவர் ஒரு நாள் இருமியதில்லை.

"மூணு மாசம் படுத்தா வேலையில வச்சிருப்பாங்களா அண்ணே?" என்று கேட்டேன். அவர் எழுந்து கை கழுவப் போனார். கட்டுக் கட்டுகிற ஆளுக்கு எதைப் பார்த்தாலும் கட்டத்தான் தோன்றும் என்று வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன்.

முட்டி இறுகிப் போகாமல் பழக்க வேண்டும் என்று நினைத்தேன். வீட்டுக்குள் பழக்கினால் பலகைச் சுவர் வழியே முனகல் கேட்கும், மறுநாளே கேங்கை மேய்க்கிற மண்டோர் காதுக்குப் போகும். யோசனை என்னுடையதுதான். ரயில் யார்டை ஒட்டிய அரசமரத்தடியில் ஒரு பிள்ளையார் இருந்தார். தோப்புக்கரணம் போடுகிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? இரண்டு கையும் காதில் இருக்கும், ஊன்றவும் முடியாது. டாக்டர் கேட்பதும் அதைத்தானே.

வேலை விட்டு வந்ததும் தினம் இருபத்தொன்று. பக்கத்தில் நின்று நான் எண்ணுவேன். முழுக்கக் குந்தாவிட்டால், "அது கணக்குல இல்ல" என்று மறுபடி போடச் சொல்வேன். பார்த்தவர்கள் அவருடைய பக்தியை மெச்சினார்கள். மண்டோர்கூட மெச்சினார். வீட்டுக்கு வந்து எருக்கிலையை வாட்டி ஒத்தடம் கொடுப்பேன். ஒரு நாள் பதினான்கில் காதை விட்டுவிட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் புள்ள."

"இன்னும் ஏழு இருக்கு."

போட்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் எண்ணினேன்.

சோதனையன்று மற்றவர்களைப் போலவே குந்தி எழுந்தார். துரை தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் பிள்ளையாருக்குப் பொங்கல் வைத்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு மாதத்தில் முட்டி உடைந்து சீழ் வந்தது. மடங்கிய கால் நீளவே இல்லை. ஆஸ்பத்திரியில் தொடையோடு எடுத்தார்கள். பார்க்க வந்த டிரஸ்ஸர், அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரோடாவது சண்டை போட்டிருப்பேன்.

கடைசியில் கப்பல்தான் ஏறினோம். துறைமுகத்தில் மூட்டைகள் நடுவே ஊன்றுகட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தனை நாளும் என்னை ஒரு சொல் குறை சொல்லாதவர், அப்போதும் கோபமில்லாமல்தான் கேட்டார்.

"நீதானே புள்ள எண்ணின. ஒரு நாளாவது குறைச்சு எண்ணியிருக்கக் கூடாதா?"