வாய்க்கால் கரையில் உட்கார்ந்த குஞ்சம்மாள்

என் அம்மா ரத்தினம்மாள் லேசில் யாரையும் மெச்சுகிறவள் இல்லை. கலெக்டரே ஊருக்கு வந்து போனாலும், "வந்தாரு, போனாரு" என்பதோடு அவள் பேச்சு முடிந்துவிடும். குஞ்சம்மாளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் மாறிவிடும். முறத்தில் புடைத்துக்கொண்டிருக்கும் அரிசி அப்படியே நின்றுபோகும். "அப்படி ஒரு பொம்பளைய அதுக்கு முன்னாடியும் பாக்கல, பின்னாடியும் பாக்கல" என்பாள். அம்மா சொன்னதையும், அந்தக் காலத்து ஆட்கள் வேறு சிலர் சொன்னதையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கொள்ளிடத்துக்கு வடகரையில், தா.பழூர்ப் பக்கம். வாய்க்கால் பாசனம், ஒரு போகம் நெல். கண்ணுக்கு எட்டிய வயலெல்லாம் பண்ணையார் பஞ்சநாதனுடையது. எங்கள் தெருவில் எல்லோரும் அவருடைய பண்ணையாட்கள். தை பிறந்து சம்பா முற்றிவிட்டால் எங்கள் கைகள் மட்டும் போதாது. மேற்கே பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருவார்கள். அங்கே வானம் பார்த்த பூமி. சோளமும் வரகும் வீடு வந்து சேர்ந்த பிறகு அவர்களுக்கு வேலையும் இருக்காது, கிணற்றில் தண்ணீரும் இருக்காது. பானை, பாய், அரிவாள், கைக்குழந்தை என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நடந்தே வந்து சேர்வார்கள். எங்கள் ஊரில் அவர்களுக்கு 'மேற்கத்தி ஆள்' என்று பெயர்.

குஞ்சம்மாள் அரும்பாவூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர்க்காரி. நெட்டையான உடம்பு. சிறுவயதில் சோளக்கொல்லையில் பரண்மேல் நின்று குருவி விரட்டியவள் என்பதால் குரல் ஒரு மைல் கேட்கும் என்பார்கள். கல்யாணம் ஆன நாள் முதல் கணவன் சின்னதுரையோடும் தங்கை கலியம்மாளோடும் எங்கள் ஊருக்கு அறுப்புக்கு வந்துகொண்டிருந்தாள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருஷம் கலியம்மாளுக்குக் காலரா கண்டது. மேற்கத்தி ஆட்கள் குடித்தது மாடு குளிப்பாட்டுகிற குட்டைத் தண்ணீர். பண்ணையாரின் தோப்புக் கிணற்றில் இறைக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. குஞ்சம்மாள் பண்ணைக் காரியக்காரரிடம் ஓடி, ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வண்டி கேட்டாள்.

"கட்டு ஏத்துற வண்டியில காலராவ ஏத்தச் சொல்றியா? போடி அந்தாண்ட" என்று அவர் விரட்டிவிட்டார்.

அவள் எங்கள் தெருவுக்கு வந்து கதவு கதவாகத் தட்டினாள். நோய்க்குப் பயந்து ஒரு கதவும் திறக்கவில்லை. கடைசியில் தங்கையை முதுகில் தூக்கிப் புடவையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஜெயங்கொண்டம் சாலையில் நடந்தாள். சின்னதுரை முன்னால் தண்ணீர்ச் செம்போடு போனான். பாதி வழியில் முதுகில் இருந்த உடம்பு கனத்தது. பனந்தோப்பு ஓரத்தில் இறக்கிப் பார்த்தபோது உயிர் இல்லை. அங்கேயே புதைத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். மறுநாள் காலை குஞ்சம்மாள் அரிவாளோடு வயலில் நின்றதை ஊரே பார்த்தது. அந்த அறுப்பு முடிகிற வரைக்கும் அவள் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

பேச ஆரம்பித்தது அடுத்த வருஷம். ஆள் சேர்த்துக் கூட்டிவருகிற நல்லுசாமி பொங்கல் முடிந்து அவர்கள் ஊருக்கு வந்தபோது, குஞ்சம்மாள் மாரியம்மன் கோயில் வாசலில் சூடம் ஏற்றி வைத்திருந்தாள்.

"அண்ணே, கெணத்துத் தண்ணி உண்டுன்னு இத அணைச்சுச் சொல்லுங்க. அப்புறம் கெளம்புறோம்."

நல்லுசாமி சிரித்தார். "அறுக்கப் போறியா, விருந்துக்குப் போறியா?"

குஞ்சம்மாள் கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தார்கள். வெறுங்கையோடு திரும்பினால் பண்ணையாரிடம் என்ன சொல்வது? நல்லுசாமி சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். அந்த வருஷம் தோப்புக் கிணற்றிலிருந்து அவர்களுக்குத் தண்ணீர் வந்தது. அதற்கு அடுத்த வருஷம் நின்றுவிட்டது. கேட்டதற்குக் கயிறு அறுந்துவிட்டது என்றார்கள்.

சுதந்திரம் வந்த வருஷம், அந்தத் தை மாதத்தில்தான் எல்லாம் நடந்தது. எங்கள் தெரு ஆட்கள் முதல்முறையாக வயலில் இறங்க மறுத்திருந்தார்கள். சாமிதுரை என்ற இளைஞர் விவசாயிகள் சங்கத்துக்காரர்களைப் பார்த்துவிட்டு வந்து தெருவைத் திரட்டியிருந்தார். பின்னால் எனக்கு அப்பா ஆனவர் அவர்தான். எங்கள் ஆட்கள் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. ஆளை அடிக்கக் கூடாது. வரப்பில் கிடந்து அழுகிற குழந்தைக்குப் பால் கொடுக்கத் தாயை மேலேற விடவேண்டும். இதற்குத்தான் பண்ணையார், "மேற்கே ஆளா இல்ல?" என்று நல்லுசாமியை அனுப்பியிருந்தார்.

மேற்கத்தி ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் எங்கள் தெருப் பெண்கள் வாய்க்கால் கரையில் வரிசையாக நின்றுவிட்டார்கள். முன்னால் நின்றது என் அம்மா. அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வாய் மட்டும் பெரிது.

"எங்க வயித்துல அடிக்கவா இம்மாந்தூரம் நடந்து வந்தீங்க?" என்று கத்தினாள்.

முன்னால் வந்த குஞ்சம்மாள் தலையிலிருந்த பானையை இறக்கினாள். "என்னா சொல்றே பொண்ணு? வெவரமா சொல்லு."

"நாங்க வயல்ல எறங்க மாட்டோம்னு சொல்லிட்டோம். அதான் உங்களக் கூட்டியாந்திருக்காங்க."

குஞ்சம்மாள் திரும்பி நல்லுசாமியைப் பார்த்தாள். "அண்ணே, இது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என்னா? நமக்கு அறுப்பு கெடைச்சாப் போதாதா?"

"ஊருலயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வந்திருப்பியா நீ?"

"வர்றதும் வராததும் நான்ல முடிவு பண்ணணும்?" என்றாள். அந்த இடத்தில் அவள் குரலை உயர்த்தவில்லை என்று அம்மா சொல்வாள். இருந்தும் நல்லுசாமி இரண்டடி பின்னால் போனாராம்.

கூட்டத்துக்குள்ளேயே சண்டை மூண்டது. பிள்ளைகள் பட்டினி, நடந்து நடந்து கால் கொப்பளித்திருக்கிறது, இவர்கள் சண்டை நமக்கு எதற்கு என்று ஆண்கள் சிலர் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இல்லாமலும் இல்லை. குஞ்சம்மாள் எல்லோரையும் கரையிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, சாமிதுரையிடம் போனாள்.

"நீங்க என்னா கேக்குறீங்க தம்பி?"

அவர் சொன்னார்.

"நல்லதுதான். அதுல எங்களுக்கு என்னா இருக்கு?"

வருஷா வருஷம் பக்கத்துப் பாத்தியில் குனிந்து அறுக்கிறவர்களைப் பற்றி எங்கள் ஆட்கள் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

"எந்தங்கச்சி காலராவுல கெடந்தப்ப ஒங்க தெருக் கதவெல்லாம் தட்டினேன். ஒரு கதவு தொறக்கல" என்றாள் குஞ்சம்மாள். "அத மனசுல வெச்சிருந்தா இந்நேரம் வயல்ல எறங்கியிருப்பேன். ஒங்க பேச்சோட எங்க பேச்சையும் சேத்துக்குங்க. வெளியூரு ஆளுக்கும் கெணத்துத் தண்ணி. நோவுன்னு படுத்தா வண்டி. சேத்துக்கிட்டா எங்க அருவா எறங்காது."

எங்கள் தெருவில் யாரும் தலை நிமிரவில்லை. சாமிதுரை, "சேத்துக்கறோம் அக்கா" என்றார். அம்மா வீட்டுக்குப் போய்க் கூழ்ப்பானையைத் தூக்கி வந்து மேற்கத்திப் பிள்ளைகள் நடுவில் வைத்தாள். அதைப் பார்த்து மற்ற வீடுகளிலிருந்தும் பானைகள் வந்தன. எங்களுக்கே அரைவயிறுதான். அன்றிலிருந்து அதிலும் பாதி ஆயிற்று.

மறுநாள் பண்ணையார் தாமே வந்தார். ஒருவன் குடை பிடித்து வந்தான். எங்கள் ஆட்கள் எல்லோரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஆண்டே" என்று குனிந்தார்கள். குஞ்சம்மாள் எழுந்து நேராக நின்று, "வாங்க ஐயா" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் தனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது என்று அம்மா சொல்வாள். அதுவரை அவர் முன்னால் யாரும் அப்படி நின்று அவள் பார்த்ததில்லை.

பண்ணையார் கெட்டிக்காரர். சத்தம் போடவில்லை. "நீ கேட்டதெல்லாம் நியாயந்தான். கெணத்துல எறைச்சுக்குங்க. வண்டியும் நிக்கச் சொல்றேன். உங்க ஆளுங்களுக்கு மட்டும். இப்பவே எறங்கு" என்றார்.

அவள் இத்தனை வருஷம் கேட்டது அதுதானே. கரையில் இருந்த அத்தனை பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"அன்னைக்கே குடுத்திருந்தா எந்தங்கச்சி இருந்திருப்பாளுங்க ஐயா" என்றாள் குஞ்சம்மாள். "இந்தத் தெருப் புள்ளைங்க பாலுக்கு அழுவறப்ப அந்தத் தண்ணி எங்க தொண்டையில எறங்காதுங்க. எல்லாருக்கும் சொல்லுங்க, இப்பவே எறங்கறோம்."

பண்ணையார் திரும்பிப் போய்விட்டார். பிற்பகலில் போலீஸ் லாரி வந்தது. தடியால் அடித்தார்கள். சின்னதுரைக்கு மண்டை உடைந்தது. சாமிதுரையை இழுத்துப் போனார்கள். அவரை விட்டதும் அவர் நேராக வந்து மறுபடியும் கரையில் உட்கார்ந்தார். யாரும் கலையவில்லை.

நாள் ஆக ஆகக் கதிர் முற்றித் தலை சாய்ந்தது. அப்போதுதான் பறவைகள் இறங்கின. கிளியும் சிட்டும் மேகம் போல வந்து வயலில் விழுந்தன. எங்கள் ஆட்களில் சிலர், நன்றாகத் தின்னட்டும் என்று சிரித்தார்கள். குஞ்சம்மாள் வரப்பில் ஏறி நின்று, தலையை அண்ணாந்து ஒரு கூச்சல் போட்டாள். பரணில் நின்று பழகிய குரல் அது. வயல் முழுக்க இருந்த பறவைகள் ஒரே வீச்சில் எழுந்து ஆற்றுப் பக்கம் போயின. அவள் வரப்பு வரப்பாக ஓடி ஓடிக் கத்தினாள்.

"என்னாக்கா பண்றே? அவரு நெல்லுக்கு நாம காவலா?" என்று அம்மா கேட்டாள்.

"நெல்லு மேல எனக்கு என்னாடி கோவம்? நீ நட்டது, இவ களையெடுத்தது" என்றாள் அவள், மூச்சு வாங்க.

அதற்குப் பிறகு மேற்கத்திப் பெண்களும் எங்கள் தெருப் பெண்களும் முறைபோட்டுப் பறவை விரட்டினார்கள். வயலில் இறங்கி ஒரு தாள் அறுக்கவில்லை. ஒரு மணி வீணாக விடவும் இல்லை. போலீஸ்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். பண்ணையார் தோப்பு நிழலில் நின்று வெகுநேரம் பார்த்தார் என்று அவருடைய குடைக்காரனே பிற்பாடு சொன்னான். அவர் மனம் இளகியதா, வடக்கே கறுத்து வந்த மேகத்துக்குப் பயந்தாரா, எனக்குத் தெரியாது. இரண்டும் இருக்கலாம். அன்று மாலையே காரியக்காரர் வந்து, இரண்டு கூட்டமும் கேட்டதை ஐயா ஒத்துக்கொண்டார் என்றார்.

"அத அவரு வாயால சொல்லட்டும்" என்று குஞ்சம்மாள் சொல்லிவிட்டாள். பண்ணையார் வந்தார், சொன்னார். அதன் பிறகே அரிவாள்கள் இறங்கின. எங்கள் ஆட்களும் மேற்கத்தி ஆட்களும் ஒரே வரிசையாக நின்று அறுத்த முதல் அறுப்பு அது.

அந்த வருஷம் முதல் எங்கள் களத்து ஓரத்தில், மாடு பூட்டத் தயாராக ஒரு கூண்டு வண்டி நின்றது. அக்கம்பக்கத்துப் பண்ணைகளிலும் ஆட்கள் வண்டி கேட்க ஆரம்பித்தார்கள். சில இடத்தில் கிடைத்தது, சில இடத்தில் அடிதான் கிடைத்தது. குஞ்சம்மாள் சும்மா இருக்கவில்லை. அறுப்புக் காலத்துக்கு முன்னால் வேப்பந்தட்டை வரைக்கும் ஊர் ஊராக நடந்தாள். "எதுக்குக் கூப்புடறாங்கன்னு கேட்டுட்டுக் கெளம்புங்க. அந்த ஊரு ஆளு ஏன் எறங்கலைன்னு கேளுங்க" என்று ஒவ்வொரு ஊர் வாசலிலும் நின்று சொன்னாள். அதற்காக யாரோ பொய்ப் புகார் கொடுத்து அவளைச் சிறையில் வைத்தார்கள். திரும்பி வந்தபோது ஒரு கால் சரியாக ஊன்ற முடியவில்லை. தாங்கித் தாங்கியே நடந்தாள். அப்படியும் அடுத்த தைக்கு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகு வெளியூர் ஆளைக் கொண்டு எங்கள் வேலைநிறுத்தத்தை முறிக்க யாராலும் முடியவில்லை.

கல்யாணமான பிறகு, ஒரு கார்த்திகை மாதத்தில், அம்மாவும் அப்பாவும் அவளைப் பார்க்க அரும்பாவூர்ப் பக்கம் போனார்கள். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. கடலை பிடுங்குகிற நேரம். குஞ்சம்மாள் வீட்டு வாசலில், கீற்றுச் சாய்ப்புக்கு அடியில், நனைந்த புடவையோடு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சின்னதுரை ஈர விறகை ஊதியபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"என்னாக்கா, வூட்டுக்குள்ள போவாம மழையில ஒக்காந்திருக்கே?" என்றாள் அம்மா.

"உள்ள எடமில்ல ரத்தினம்."

அம்மா எட்டிப் பார்த்தாள். பச்சைமலையிலிருந்து கடலை பிடுங்க இறங்கி வந்த பெண்கள் அந்த ஒற்றை அறை முழுக்க இருந்தார்கள். நடுவில் ஒருத்தி பிறந்து சில நாளே ஆன குழந்தையோடு குஞ்சம்மாளின் பாயில் படுத்திருந்தாள். ஊர்க்காரர்கள் அவர்களைப் புளியமரத்தடியில் தங்கச் சொன்னார்களாம். அதற்காகக் காலையில்தான் குஞ்சம்மாள் தன் ஊர்க்காரர்களோடேயே பெரிய சண்டை போட்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

"சொந்த ஊருலயும் பகைச்சுக்கணுமா அக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"நாம மட்டுந்தான் வெளியூருக்குப் போறோமா?" என்றாள் குஞ்சம்மாள். "ஒக்காரு. கஞ்சி கொதிச்சிரும். மொதல்ல அந்தப் பச்ச ஒடம்புக்காரிக்கு ஊத்திட்டு வரேன்."

சட்டியை எடுத்துக்கொண்டு, தாங்கித் தாங்கி உள்ளே போனாள். அம்மாவும் அப்பாவும் அந்தச் சாய்ப்புக்கு அடியில் ஒதுங்கி நின்றார்கள்.