பாய்மரத்தின் அடியில் ஒரு பகடை

வாக்கிசகா சுமியேவுக்குக் கடல் ஆகாது. மரப்படகுப் பயிற்சிப் பள்ளியில் சேரும்போது இதை அவள் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தொமிஹாமா படகுத்துறையின் டிக்கெட் கூண்டில் அவள் இளமை முழுவதும் கழிந்தது. எதிர்த் தீவுக்கு ஊரையே ஏற்றி அனுப்பினாள். தான் ஏறியது இரண்டே தடவை, கல்யாணத்துக்கும் விவாகரத்துக்கும். இரண்டு தடவையும் வாந்தி. பிறகு பாலம் வந்தது. படகு போயிற்று, கூண்டும் போயிற்று. வேலை இழந்தவர்களுக்கு அரசாங்கம் ஏதாவது ஒரு தொழில் கற்றுத் தருவதாகச் சொன்னது. கணக்கு வகுப்பு நிரம்பிவிட்டது, சமையல் வகுப்பும் நிரம்பிவிட்டது. கடலை வெறுத்தவளுக்கு மிஞ்சியது மரப்படகு.

கூடப் படித்த நால்வரும் பள்ளிக்கூடம் முடித்த சூட்டோடு வந்தவர்கள். அவளை ‘டிக்கெட் அக்கா’ என்றார்கள். வாத்தியார் குராஹாஷி அவளைவிட இளையவர். அவளைத் திட்டும்போதுகூட மரியாதையாகத்தான் திட்டுவார்.

“உளியை அப்படிப் பிடிக்காதீங்க. அது பென்சில் இல்லைங்க.”

பழுது பார்க்கக் கிடைத்தது ‘மிசாகோ மாரு’ என்ற பழைய மீன்பிடிப் பாய்ப்படகு. சேற்றில் புதைந்து கிடந்ததை நகராட்சி இழுத்துவந்து கொட்டகையில் போட்டிருந்தது. இற்ற பலகைகளைக் கழற்றிப் புதுசு மாட்டினார்கள். மாட்டுமுன் பலகையின் விளிம்பைச் சுத்தியலால் அடித்து நசுக்க வேண்டும். தண்ணீர் பட்டதும் அது ஊதி, பக்கத்துப் பலகையோடு இறுகிக்கொள்ளும். இதற்கு அந்தக் கரையில் ‘மரத்தைக் கொல்வது’ என்று பெயர். கொன்ற மரம் கடலில் எழுந்துகொள்வதில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

“கொன்னாச்சா அக்கா?” என்பான் தைகி, நால்வரில் வாய் நீளமானவன்.

“பாதி உயிர் கிடக்கு. நீ பேசினா மீதியும் போயிரும்.”

வேலை அவளுக்கு வந்தது. கூண்டில் உட்கார்ந்து உட்கார்ந்து வளர்ந்த பொறுமை மரத்துக்குப் பொருந்தியது. தன் கை இவ்வளவு நாள் எங்கே இருந்தது என்று அவளுக்கே கோபம் வந்தது.

குளிர் விட்ட ஒரு நாள், பாய்மரம் ஊன்றும் கட்டையைத் திறந்தார்கள். அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு குழி. அதற்குள் காகிதப் பொம்மை ஒரு ஜோடி, பகடை ஒரு ஜோடி, நூலால் கட்டிய ஒரு கற்றை மயிர். படகைக் கட்டும்போதே உள்ளே வைத்து மூடும் படகின் உயிர். தொமிஹாமாவில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பொம்மைகள் தொட்டதும் பொடியாயின. மயிர் மட்டும் நேற்று வெட்டியது போல் பளபளத்தது.

பழையதைக் கோயிலில் சேர்த்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும். மயிர் பெண்ணுடையதாக இருக்க வேண்டும். வகுப்பில் இன்னொரு பெண் கொதோனே. அவள் தலை அந்த மாதம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

“சாயம் போட்டது சரிப்படாது” என்றார் குராஹாஷி.

“ஏன் சார், படகுக்கு அலர்ஜியா?” என்றாள் கொதோனே. ஆனால் தப்பித்த மகிழ்ச்சி முகத்தில் தெரிந்தது. மயிர் கொடுத்தவளைப் படகு மறக்காது என்பது ஊர்ப்பேச்சு. நல்ல அர்த்தத்திலா கெட்ட அர்த்தத்திலா என்று ஊர் சொல்லவில்லை.

சுமியே கொடுத்தாள். அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது சுலபம். கொடுத்தவளே குழிக்குள் வைக்கவும் வேண்டும். இரண்டு பகடையிலும் ஒன்று என்ற முகம் வானத்தைப் பார்க்க வேண்டும், ஆறு பூமியை. மூன்று படகின் முன்முனையான அணியத்தை, நான்கு பின்பக்கத்தை. மாறிப்போனால் வானமும் பூமியும் இடம் மாறும், அதாவது படகு கவிழும். வைக்கும்போது மற்றவர்கள் திரும்பி நின்றுகொள்ள வேண்டும். வைத்த பிறகு யாரும் கேட்கக் கூடாது, திறந்து பார்க்கவும் கூடாது.

எல்லோரும் திரும்பி நின்றார்கள். வைத்தாள். பாய்மரத்தை இறக்கி ஊன்றினார்கள். அடியில் அரிசி மது ஊற்றிக் கும்பிட்டார்கள்.

மறுநாள் மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது, சுமியே படகில் தனியாக எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். சில்வண்டு கத்தியது. மெல்ல, விட்டு விட்டு, பாய்மரத்தின் அடியிலிருந்து. மார்ச் மாதத்தில் சில்வண்டு ஏது? அவள் தூரிகையைக் கீழே வைத்தாள். சத்தம் நின்றது. எடுத்தாள். கத்தியது.

“சத்தம் கேக்குதா?” என்று வந்தவர்களிடம் கேட்டாள்.

“எனக்குப் பசிதான் கேக்குது” என்றான் தைகி.

யாருக்கும் கேட்கவில்லை. நம்பாத ஒருத்திக்கு மட்டும் கேட்டது. படகின் உயிர் கத்தினால் ஆபத்து வருகிறது என்று துறைக்கு வரும் மீனவர்கள் சொல்ல, கூண்டுக்குள்ளிருந்து அவள் கேட்டிருக்கிறாள். அப்போது சிரித்திருக்கிறாள். இப்போது ஒரு காட்சி அவள் கண்ணில் வந்து நின்றது: குழியின் இருட்டில் ஒரு பகடையின் ஆறு புள்ளிகள், இரண்டு வரிசையாக, மேலே பார்த்துக்கொண்டு. அதை எப்போது பார்த்தாள்? கையில் எடுத்தபோதா, வைத்த பிறகா? எவ்வளவு யோசித்தாலும் புள்ளிகள்தான் தெரிந்தன, நேரம் தெரியவில்லை.

வெள்ளோட்டத்தில் அந்த நால்வரும் குராஹாஷியும்தான் போவதாக ஏற்பாடு. சுமியே கரையில் கொடி பிடிக்க வேண்டியவள். இதோ, ஊரையே ஏற்றி அனுப்பிய பழக்கத்தில் இவர்களையும் ஏற்றி அனுப்பப் போகிறாள். சத்தம் தினமும் கேட்டது. நம்பிக்கையில்லாதவள் நாலு பிள்ளைகளை எண்ணித் தூங்காமல் இருந்தாள். வெள்ளோட்டக் காலையில் குராஹாஷியை ஓரமாக அழைத்தாள்.

“சார், பகடையைச் சரியா வெச்சேனான்னு சந்தேகமா இருக்கு.”

அவர் அவளைப் பார்க்காமல் பாய்மரத்தைப் பார்த்தார். “இதை ஏங்க என்கிட்ட சொன்னீங்க?”

“திறந்து பாத்துரலாம்.”

“திறக்கறது தப்பாச்சே. சரியா இருந்தாலும் திறந்ததுக்கப்புறம் சரியில்லைன்னு ஆயிரும்.” தலையைச் சொறிந்தார். “நான் டெக்னிக்கல் காலேஜ் படிச்சவன். இதெல்லாம் நம்பறதில்ல.”

“நானும் நம்பறதில்ல.”

“அப்ப சரி” என்றார். ஆனால் இருவரும் நகரவில்லை. கடைசியில் சுமியே கொடியைப் பக்கத்திலிருந்த நகராட்சி ஊழியர் கையில் கொடுத்துவிட்டுப் படகில் ஏறினாள். “வாளி ஒண்ணு குடுங்க” என்றாள்.

அவள் கால் வைத்ததும் சத்தம் நின்றுவிட்டது. துறை தாண்டுமுன் வாந்தி எடுத்தாள்.

“அக்கா, டிக்கெட் வாங்கினீங்களா?” என்றான் தைகி. வாளிக்குள் முகத்தை வைத்துக்கொண்டே அவள் சிரித்தாள். இவ்வளவு நிம்மதியாக அவள் வாந்தி எடுத்ததே இல்லை.

வெயில். நல்ல காற்று. பாய் புடைத்து, கொன்ற மரமெல்லாம் இறுகி, சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. துணைக்கு வந்த மோட்டார் படகில் நகராட்சிக்காரர்கள் படம் எடுத்து முடித்து, சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிட்டார்கள். மிசாகோ மாரு, பாறைகளுக்கு நடுவிலுள்ள இடுக்கை நெருங்கியது. அங்கே ஓட்டம் அதிகம். தண்ணீர் சத்தமில்லாமல் சுழித்துப் போகும்.

“எங்கயோ சில்வண்டு கத்துது” என்றாள் கொதோனே.

சுமியே தலையைத் தூக்கினாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“ஆமா” என்றான் இன்னொருவன். “கீழேருந்து வருது.”

தைகி கேலி செய்யவில்லை. அவன் முகம் வெளுத்து, பாய்க்கயிற்றைப் பிடித்த கை தளர்ந்தது. அவர்களும் தொமிஹாமாவில் பிறந்தவர்கள்தான். “பகடை” என்றான். கயிறு நழுவியது. பாய் படபடவென்று அடித்தது, அணியம் பாறைப் பக்கம் திரும்பத் தொடங்கியது. சுக்கானைப் பிடித்திருந்த குராஹாஷியும் பாய்மரத்தின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்கிறது என்பது தெரிந்தது.

“அக்கா” என்றாள் கொதோனே, கேட்கக் கூடாததைக் கேட்டாள். “ஒண்ணு மேலயா, கீழயா?”

படகில் இருந்த அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். பாறை, அதன் மேலுள்ள ஈரப் பாசி தெரியும் தூரத்துக்கு வந்துவிட்டது. சுமியேவுக்கு அந்த ஆறு புள்ளிகள்தான் தெரிந்தன. வாயைத் துடைத்துக்கொண்டாள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்லும் குரலில் சொன்னாள்:

“மேல. வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கு. வெச்சுட்டு என் கண்ணால பாத்தேன். தைகி, கயிறைப் பிடி.”

பிடித்தான். மற்ற இருவரும் பாய்ந்து அவனோடு சேர்ந்து இழுத்தார்கள். குராஹாஷி சுக்கானைத் தள்ளினார். பாறை பக்கத்தில் நகர்ந்து போயிற்று, ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. இடுக்கைத் தாண்டி வெகுதூரம் போனார்கள். பிறகு கொதோனே, சோற்று உருண்டைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, “நின்னுடுச்சு” என்றாள்.

அவர்கள் பயிற்சி முடித்தார்கள். இருவர் வேறு ஊர்களுக்குப் போனார்கள். தைகியும் கொதோனேவும் பக்கத்துத் துறைமுகத்தில் படகுதான் கட்டுகிறார்கள். சுமியே அதே கொட்டகையில் உதவியாளராகச் சேர்ந்தாள். ஒவ்வொரு வருஷமும் புது மாணவர்கள் மிசாகோவில் பாய் விரிக்கப் பழகுகிறார்கள். கடலைச் சகிக்காத அவள் ஒரு பயணம் விடாமல் வாளியோடு ஏறுகிறாள். பாறை இடுக்கில் யாராவது ஒரு பிள்ளை நிமிர்ந்து, சில்வண்டா என்று கேட்கும். அவளுக்கு மட்டும் இன்றுவரை திரும்பக் கேட்கவில்லை. முன்பு கேட்டதற்குப் பயந்தாள், இப்போது கேட்காததற்குப் பயப்படுகிறாள். சில்வண்டு கேட்ட பிள்ளையிடம், ஒன்று மேலேதான் இருக்கிறது என்று சொல்கிறாள். பிள்ளைகள் கயிற்றைப் பிடிக்கிறார்கள்.

போன மாதம் குராஹாஷி, பாய்மரத்தின் அடி இற்றிருக்கலாம், தூக்கிப் பார்த்துவிட வேண்டும் என்றார்.

“அடுத்த வருஷம் பாக்கலாம் சார்” என்றாள் சுமியே.

“போன வருஷமும் இதையே சொன்னீங்க.”

“மூடியிருக்கிறவரைக்கும் நான் பொய் சொல்லல.”

அவர் பாய்மரத்தின் அடியில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.