மூன்று குருவித் தோரணம்

லண்டனில் நாங்கள் இருக்கும் இடத்துக்கு மிச்சம் என்று பெயர். ஆங்கிலத்தில் அதற்கு என்ன அர்த்தமோ எனக்குத் தெரியாது. தமிழில் அது எனக்கு ஒரு கட்டளை. இரண்டு வருடத்துக்கு முந்திய இலையுதிர் காலத்தில், வீட்டில் மிச்சமாய்க் கிடந்ததையும் தெருவில் உதிர்ந்து கிடந்ததையும் வைத்தே எங்கள் முன்னறையை அழகாக்கிக் காட்டுகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அழகு பார்க்கும் மனநிலையில் நான் அப்போது இல்லை. என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்து மூன்று மாதமாகியிருந்தது. அவரை இந்தப் பக்கம் திருப்ப வேண்டும். நான் நினைத்தது அவ்வளவுதான்.

அவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். கோலியர்ஸ் வுட் பக்கம் தன் கை படாத சமையலறை குறைவு என்று பெருமையடிப்பார். அந்தக் கோடையில் இதயத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. படி ஏறுவது கஷ்டம் என்று கட்டிலைக் கீழே முன்னறைக்கு இறக்கினோம். புண் ஆறிவிட்டது. வெளியே போய் நடக்கலாம், மெல்ல மெல்ல வேலையும் தொடங்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இந்த மனிதரோ கழிப்பறைக்குப் போவார், திரும்பி வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார். எதைக் கேட்டாலும் "ஓம்", இல்லாவிட்டால் "ஏலாது". இரண்டே சொல்லில் குடும்பம் நடத்தினார். இப்போது பகிடியாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு நல்ல பயம். அவர் மனத்தளவில் புறப்பட்டுவிட்டார், உடம்புதான் பாக்கி என்று பட்டது.

நான் பதினொரு வயதில் ஜெர்மனிக்குப் போனவள். அங்கே பள்ளிக்கூடத்தில், இலை கொட்டத் தொடங்கியதும் எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போய் இலை பொறுக்கச் சொல்வார்கள். அதை மெழுகுத்தாளுக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டு ஜன்னலில் ஒட்டுவோம். மொழி தெரியாத வகுப்பில் நான் மற்றவர்களுக்குச் சமமாகச் செய்த ஒரே வேலை அதுதான். லண்டனுக்கு வந்து பத்து வருடத்தில் அதை ஒருமுறையும் செய்து பார்த்ததில்லை. ஒரு ஒக்டோபர் காலை, வேலைக்குப் போகிற வழியில் டிராம் தரிப்பிடத்தில் காலடியில் சிவப்பாக ஒரு மேப்பிள் இலை கிடந்தது. எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன். மாலையில் திரும்பும்போது பை நிறைய இலை.

"உதென்ன குப்பை?" என்று கேட்டார். மூன்று மாதத்தில் அவராகக் கேட்ட முதல் கேள்வி.

"குப்பை இல்லை, டெக்கரேஷன். திரும்பிப் பாருங்கோ."

திரும்பவில்லை. பரவாயில்லை, இன்னும் ஒரு கிழமை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா, என் மச்சாள், புட்டு அவித்துக்கொண்டு வருவார். அதற்குள் அறை மாறியிருக்க வேண்டும் என்று எனக்கு நானே கெடு வைத்தேன்.

இலைகளை மெழுகுத்தாளுக்குள் வைத்து இஸ்திரி போட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். ஊறுகாய்ப் போத்தல்களின் லேபிளைச் சுடுதண்ணீரில் கழற்றி, காய்ந்த புல்லையும் குச்சிகளையும் அதில் நிறுத்தினேன். காய்கறிக்கடை அண்ணை, தோல் தழும்பேறி விலைப்படாத இரண்டு பூசணிக்காயைச் சும்மா தந்தார். அவற்றை முன்னறையின் கணப்படுப்பு மேடையில் உட்கார்த்தி, கட்டிலின் தலைமாட்டுப் பக்கமாக ஒரு பெரிய மெழுகுதிரியும் வைத்தேன். உள்ளதைச் சொன்னால், பத்திரிகையில் வருகிற அறை மாதிரியே இருந்தது.

கண்ணை உறுத்தியது கூரை மட்டும்தான். மேலே குளியலறைத் தண்ணீர் கசிந்து, கட்டிலுக்கு நேர் மேலே தேத்தண்ணி நிறத்தில் பெரிய கறை. பெயின்ட் அடிக்கிறவர் கட்டிலில் கிடக்கிறார், நான் பிரஷ் பிடித்தால் கறை இரண்டாகும். அதனால் பழைய சாமான் விற்கும் சரிட்டி கடையில் ஒரு வெள்ளை பெட்சீற் வாங்கி, நான்கு மூலையிலும் ஆணி அடித்து, கட்டிலுக்கு மேலே கூரையோடு கட்டினேன். நான் கட்டும்போது அவர் மல்லாந்து படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்திருக்கிறது போல என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். பிறகு மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

கடைசியாக வாசல். அங்கே நம் ஆட்களின் வீடு என்றும் தெரிய வேண்டும். தபாலில் வரும் பெட்டிகளுக்குள் திணித்திருக்கும் பழுப்புத் தாளை நான் எறிவதில்லை. அதைக் கீலம் கீலமாக வெட்டி, குருத்தோலை போல மடித்துத் தோரணம் செய்தேன். சின்ன வயதில் ஒரு வீட்டு முற்றத்தில் ஆட்கள் கூடியிருந்து ஓலையில் குருவி மடித்தது நினைவில் இருந்தது. யார் வீடு என்று நினைவில்லை. ஒவ்வொரு கீலத்திலும் மூன்று குருவி, தலை கீழே பார்த்தபடி. கை மறக்கவில்லை என்று எனக்கு ஒரே பெருமை.

ஞாயிறு பத்து மணி இருக்கும். நான் சமையலறையில் சம்பல் இடித்துக்கொண்டிருந்தேன். வெளியே பாத்திரம் விழுந்த சத்தம். அதன் பின்னால் ஒரு அலறல்.

"ஐயோ என்ர தம்பி! அக்காவுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் போட்டியேடா!"

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். மச்சாள் வாசலில் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தார். புட்டெல்லாம் நடைபாதையில். என்ன ஏது என்று கேட்க வாயெடுத்தால், என் கழுத்தைக் கட்டிக்கொண்டு இன்னும் சத்தமாய் அழுகிறார். முன்வீட்டு ஜன்னலில் திரை விலகியது. அப்போது எனக்குப் பின்னால் குரல் கேட்டது.

"அக்கா, நான் சாகேல்லை! றோட்டில நிண்டு கத்தாமல் உள்ள வா!"

இடுப்பில் சாரத்தோடு, தலை கலைந்து, என் கணவர் கதவருகே நின்றார். மச்சாள் அவரைக் கண்டதும் முன்னையைவிடப் பெரிதாய்க் கத்தினார். பிறகு அவர் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டு, அதே தோளில் சாய்ந்து அழுதார். அழுது முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"உனக்கென்ன விசரே? செத்த வீட்டுத் தோரணத்தை வாசலில கட்டி, உள்ள வெள்ளையும் கட்டி, தலைமாட்டில விளக்கும் வச்சிருக்கிறாய்! ஜன்னலால பாத்த உடன எனக்கு ஈரக்குலை நடுங்கிப் போச்சு!"

"எது மச்சாள் செத்த வீட்டுத் தோரணம்?"

"மூண்டு குருவி, தலைகீழாய்! நல்ல காரியமெண்டா நாலு குருவி, தலை மேல பாக்கும். ஆர் உனக்குப் பழக்கினது?"

யாரும் பழக்கவில்லை. நான் பார்த்த அந்த முற்றம் ஒரு செத்த வீட்டு முற்றம் என்பது அப்போதுதான் விளங்கியது. அவமானத்தில் காது சுட்டது. என் கணவர் தையல் போட்ட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். நான் பதறிப்போனேன். பார்த்தால், மனிதர் சிரிக்கிறார்.

"வெள்ளை கட்டேக்கயே எனக்கு விளங்கினது" என்றார்.

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

சிரிப்பு நின்றது. "என்னத்தைச் சொல்லுறது? சரியாத்தான் கட்டுறாள் எண்டு நினைச்சுப்போட்டுப் பேசாமல் கிடந்தன்."

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். ஒரு கிழமையாகக் குனிந்து குனிந்து இலை பொறுக்கிய முதுகு வலி முழுவதும் வாய்க்கு வந்தது. "உங்களை அனுப்பவோ நான் இவ்வளவும் செய்தனான்? நீங்கள் ஒருக்காத் திரும்பிப் பாக்க வேணும் எண்டு செய்தனான். விளங்குதோ?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

மச்சாள்தான் சமாதானத்துக்கு வந்தார். "சரி சரி, அந்தக் கண்டறியாததைக் கழட்டிக் குப்பையில போடு."

"போடமாட்டன். நான் செய்தது இஞ்சதான் தொங்கும்."

நான் இடுப்பில் கை வைத்து வாசலை மறித்து நின்றேன். என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தித் தோரணத்தைப் பார்த்தார். மூன்று மாதமாக வெறும் சுவரைப் பார்த்த கண், கீலம் கீலமாக நிதானமாய்ப் பார்த்தது. வேலைக்குப் போன வீடுகளில் அவர் அப்படித்தான் பார்ப்பார்.

"பேப்பர் மிச்சம் இருக்கோ?" என்று கேட்டார்.

இருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து கத்தரிக்கோல் கேட்டார். புதுக் கீலங்களை வெட்டி மடித்தார். முதல் குருவி, இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. எல்லாம் தலை நிமிர்ந்திருந்தன. மச்சாள் சிந்திய புட்டைக் கூட்டி அள்ளியபடி இடையிடையே மூக்கைச் சிந்தினார். கையை உயர்த்த வேண்டாம் என்று என் கணவரைத் தடுத்துவிட்டு, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட நான் கதிரையில் ஏறினேன். அவர் சாரத்தோடு தெருவின் எதிர்ப்பக்கம்வரை நடந்து போய் நின்று, ஒற்றைக்கண்ணை மூடி மட்டம் பார்த்தார்.

"இடப்பக்கம் அரை அங்குலம் பதிஞ்சு கிடக்கு. உயத்து. இன்னும். ஆ, காணும், நிப்பாட்டு."

ஆணியை அழுத்தினேன்.

"உள்ள அந்த வெள்ளையையும் அவிட்டு விடு" என்றார் அங்கிருந்தே. "அந்தக் கறை சும்மா மறையாது. முதல் ஒரு கோட் பிரைமர் அடிச்சுக் காயவிட வேணும். நாளைக்குப் போய் வாங்கிக்கொண்டு வாறன்."

வாறன் என்றார். அந்தச் சொல்லுக்காகத்தான் நான் அவ்வளவு இலையும் பொறுக்கியிருந்தேன். கதிரையில் நின்றபடியே, தெருவில் யார் பார்த்தால் என்ன என்று, வாய்விட்டு அழுதேன்.

"அழாத," என்றார் எதிர்ப்பக்கத்திலிருந்து, "கதிரை ஆடுது."