குழாயடியில் மூன்று வார ஆபீசர்

போன வாரம் முதலியார்பேட்டையில் ஒரு கூரியர் கடைக்குப் போயிருந்தேன். கவரை வாங்கிய பெண் ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒத்தி, ரசீதின்மேல் ஒரு குத்து குத்தினாள். அந்த ஊதா மை வாசனை மூக்கில் ஏறியதும் என் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. வயிற்றை எக்கிப் பார்த்தேன். அது இப்போதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

"இன்னா சார், மூச்சு வாங்குதா? ஒக்காருங்க" என்றாள் அந்தப் பெண்.

அது அதிகாரத் தோரணை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம். நான் ஒரு காலத்தில் ஆபீசராக இருந்தவன். முத்தியால்பேட்டையில், ஒரு தெருக்குழாய்க்குப் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும். மொத்தம் மூன்று வாரம்.

மற்ற நாட்களில் பிரிண்டிங் பிரஸ்ஸில் வேலை. கல்யாணப் பத்திரிகைகளில் பிழை பார்ப்பேன். ஒரு பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய அப்பா பெயர் இருந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அதற்கப்புறம் முதலாளி என்னை ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற மூலைக்கு மாற்றினார். ஸ்டாம்பில் வார்த்தை குறைவு.

அந்தச் சமயத்தில்தான் மார்த்தாவும் ராமோனும் எங்கள் தெருவில் ஒரு மாடிப் போர்ஷனுக்குக் குடிவந்தார்கள். மெக்சிகோக்காரர்கள். மார்த்தா நாடகம் போடுகிறவள். ராமோனுக்கு அவர்கள் ஊரில் பஞ்சர் கடை. தண்ணீர், ரோடு என்று பேட்டைக்கு எது வேண்டுமானாலும் முதலில் நிற்கிற ஆள் அவர்தானாம். எதிர்வீட்டில் ஃபிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்கும் தாத்தா ஒருவர் இருந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து மார்த்தாவிடம் "போன்ழூர் மதாம்" என்றார். அவளுக்கு ஃபிரெஞ்சு வராது என்று தெரிந்ததும் மனமுடைந்துபோனார். "கடல் தாண்டி வர்றவங்களுக்கு இதுகூடவா தெரியாது?" என்று ஒரு வாரம் புலம்பினார். எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை. மார்த்தாவுக்கும் எனக்கும் இங்கிலீஷ் ஒரே அளவுக்குத் தெரியாது. அதனால் நன்றாகப் புரிந்தது.

ராமோன் பத்து நாள் நாடகப் பேச்சையே எடுக்கவிடவில்லை. காலையில் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடி வரிசையில் போய் நிற்பார். ஜனங்கள் எதற்குச் சண்டை போடுகிறார்களோ அதைத்தான் நாடகமாகப் போட வேண்டும், எங்கே போடுகிறார்களோ அதுதான் மேடை என்பது அவர் கட்சி. சண்டைக்கு எங்கள் தெருவில் பஞ்சமில்லை. வீட்டுக்கு வீடு கனெக்ஷன் வந்துவிட்டது, இனிமேல் தெருக்குழாய் எதற்கு என்று அதைப் பிடுங்கப் போவதாகத் தண்ணீர் ஆபீஸிலிருந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

பழக்கத்தில் எல்லோரும் குடத்தோடு அங்கே வந்துகொண்டிருந்தாலும், கனெக்ஷன் வராதது ஒரே வீட்டுக்கு. கன்னியம்மா அக்கா வீடு. மில்லில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவர், மில்லை மூடியதும் வாசலில் இட்லிக் கடை போட்டார். வீட்டுப் பத்திரம் அவர் புருஷனுடைய அண்ணன் பேரில் இருந்தது. அந்த அண்ணன் ஃபிரான்ஸில். பொங்கலுக்குப் பொங்கல் பனியில் நிற்கிற போட்டோ அனுப்புவார். கையெழுத்து மட்டும் அனுப்ப மாட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் கனெக்ஷன் கிடையாது. குழாய் போனால் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லாவிட்டால் இட்லி இல்லை, இட்லி இல்லாவிட்டால் அக்கா வீட்டில் அடுப்பே இல்லை.

தெருவில் நாலைந்து பேரைக் குழுவாகச் சேர்த்துக்கொண்டு இதையே நாடகமாக்கினார்கள். தண்ணீர் கேட்டு ஆபீஸுக்குப் போகிற ஒரு பொம்பளை, விரட்டுகிற ஒரு ஆபீசர். அவ்வளவுதான் கதை. மார்த்தாவின் நாடகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பார்க்கிறவர்களில் யாருக்காவது பொறுக்காவிட்டால் கைதட்டி "நிறுத்து" என்று சொல்லலாம். எழுந்து வந்து அந்தப் பொம்பளையின் இடத்தில் நின்று, தான் எப்படிப் பேசுவோம் என்று நடித்துக் காட்டலாம். ஆபீசர் மட்டும் லேசில் மசியக் கூடாது. அப்போதுதான் ஜனங்கள் புதுசு புதுசாக வழி யோசிப்பார்கள்.

ஆபீசர் வேஷம் எனக்கு. திறமையைப் பார்த்துக் கொடுத்தாள் என்று நினைத்தேன். "தொப்பையும் கண்ணாடியும் ஏற்கெனவே இருக்கிறது" என்றாள் மார்த்தா. பிரஸ்ஸிலிருந்து 'பெறப்பட்டது' என்று ஒரு ஸ்டாம்ப் செய்து எடுத்துப் போனேன்.

முதல் ஞாயிறு பட்டாளத்துத் தாத்தா எழுந்து வந்து ஃபிரெஞ்சில் கேட்டார். மசியவில்லை, புரிந்தால்தானே மசிவதற்கு. இரண்டாவது ஞாயிறு கன்னியம்மா அக்கா கைதட்டினார். கையில் நிஜமான மனு.

"ஏம்ப்பா ஆபீசரு, தெனம் எட்டு இட்லி துன்றியே, அது எந்தத் தண்ணியில வெந்துதுன்னு நெனச்ச?"

கூட்டம் சிரித்தது. நான் பேச வேண்டிய வசனம் மறந்துபோனது. எட்டு இட்லி என்பது உண்மை. மார்த்தா ஓரத்தில் நின்று 'கூடாது, கூடாது' என்று தலையாட்டிக்கொண்டிருக்க, நான் மனுவை வாங்கி ஸ்டாம்பைக் குத்தி, "சரிக்கா, கொழா இங்கியே இருக்கும்" என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். கைதட்டல் அடங்கவே இல்லை. நான் நன்றாக நடித்ததற்கு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் குழாயைப் பிடுங்க நிஜமாகவே ஆள் வந்தார்கள். அக்கா அந்தத் தாளை நீட்டினார். ஸ்டாம்பு இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. எதற்கு வம்பு என்று அவர்கள் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு விஷயம் தெரிந்தபோது பிரஸ்ஸில் இருந்தேன். வேலையை அப்படியே போட்டுவிட்டு இட்லிக் கடைக்கு ஓடினேன்.

"அக்கா, அது நாடகம்க்கா!"

"நாடகந்தான், யாரு இல்லன்னா? கடப்பாரைய எடுத்துக்கினு போனது நெசந்தானே?"

மூன்றாவது ஞாயிறு, கூட்டத்தில் தெரியாத முகம் ஒன்று. தண்ணீர் ஆபீஸ் இன்ஜினியர். யாரந்தப் புது ஆபீசர் என்று பார்க்க வந்திருந்தார். பயத்தை மறைக்க மேஜையை இன்னும் ஓங்கித் தட்டி, "வெளிய போ!" என்று கத்தினேன். இன்ஜினியர் கைதட்டினார்.

"நிறுத்துங்க. நாங்கள்லாம் இப்பிடிப் பேச மாட்டோம்."

"அப்ப வந்து பேசிக் காட்டுங்க" என்று அக்கா கூப்பிட்டார். ராமோன் என்னை எழுப்பிவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இன்ஜினியர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நடிப்பு அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"சொல்லுங்கம்மா, இன்னா வேணும்?"

"கொழாய எடுக்கறதுன்னா எனக்கு வீட்டுக் கனெக்ஷன் குடு சார். எங்க மச்சாண்டாரு ஃபிரான்சுல கீறாரு. கையெழுத்துக்கு எங்க போவேன்?"

"ரேஷன் கார்டு இந்த வெலாசத்துல இருக்குதா? அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு நீங்க இங்கதான் குடியிருக்கீங்கன்னு எழுதிக் குடுத்தா போதும். மச்சாண்டாரு எதுக்கு?"

"இத்தினி நாளா இத யாரும் சொல்லலியே சார்" என்றார் அக்கா. எழுதிக் கொடுக்க நாற்பது பேர் முன்னால் வந்தார்கள். நாடகம்தானே என்று எழுந்து போக இன்ஜினியருக்கு வழியில்லை, அக்காவின் மனுவில் போட்டார் கையெழுத்து. அந்த மாதமே அக்கா வீட்டுக்குள் குழாய் வந்தது.

அடுத்த மாதம் தெருக்குழாயை எடுத்துவிட்டார்கள். இந்த முறை யாரும் தடுக்கவில்லை. எதற்குத் தடுப்பது? மார்த்தாவும் ராமோனும் ஊருக்குப் போனார்கள். எங்கள் குழுவில் இருந்தவர்களும் கல்யாணம், வேலை என்று திசைக்கு ஒருத்தராகப் போனோம்.

போன வருஷம் தெருவில் குப்பை வண்டி சரியாக வராமல் நாறியது. மறுபடி நாடகம் போடலாம் என்று எனக்கு ஆசை வந்தது. வயிறு முன்னைவிடத் தகுதியாகத்தான் இருக்கிறது. வீடு வீடாகக் காலிங்பெல் அடித்தேன். "வாட்ஸப்புல போட்டுடுங்க சார்" என்று கதவுக்கு உள்ளேயிருந்தே சொன்னார்கள். கன்னியம்மா அக்கா மட்டும் கிரில் கதவைத் திறந்து வெளியே வந்தார்.

"போடலாம்ப்பா. நானும் வர்றேன். ஆனா ஜனம் எங்க வந்து நிக்கும்?"

குழாய் இருந்த முனைக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு கார்கள் நின்றுகொண்டிருந்தன. நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். ஒருத்தர் வந்து, "சார், வண்டி எடுக்கணும், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றார்.

தள்ளிக்கொண்டேன்.