பிரேக் சாரும் ஒரு சட்டி உருளைக்கிழங்கும்

லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாக அவருக்கு ஒரே வேலைதான். ஓட்டத் தெரிந்தும் தெரியாமலும் ஓட்டுகிறவர்களின் காரில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, பாஸா ஃபெயிலா என்று எழுத வேண்டும். அந்தப் பக்கம் பிரேக் கிடையாது. இருந்தும் அவர் வலது கால் தரையைப் போட்டு மிதித்துக்கொண்டே இருக்கும். அதனால் எல்லோருக்கும் அவர் 'பிரேக் சார்'. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஒவ்வொரு டெஸ்ட் முடிந்ததும் நேராக கேன்டீனுக்கு ஓடுவார். வெண்ணெயும் உப்பும் போட்டு மசித்த உருளைக்கிழங்கு அங்கே சூடாக இருக்கும். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிற மனுஷனுக்கு மெல்லவே வேண்டாத சாப்பாடு. இரண்டு ஸ்பூன் இறங்கினால்தான் தான் உயிரோடு இருப்பதே அவருக்கு உறைக்கும். அவர் பசிக்குச் சாப்பிட்டதில்லை, பயத்துக்குத்தான் சாப்பிட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, கேன்டீன் அக்காவுக்கு லைசென்ஸ் ஆசை வந்தது.

முதல் டெஸ்டில் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் அக்கா முன்னால் போனார். அலுவலகப் பெயர்ப்பலகை சாய்ந்தது. ஃபெயில். வெலவெலத்துப் போன பிரேக் சார் கேன்டீனுக்குப் போனபோது, அக்கா ஏற்கெனவே சட்டியை மடியில் வைத்துக்கொண்டு கரண்டியாலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் இருக்கா அக்கா?"

"இல்ல. எனக்கு மனசு சரியில்ல."

"எனக்கும்தான் சரியில்ல. உங்க வண்டியில வந்தவனாச்சே நான்!"

"ஃபெயில் போட்ட கைக்கு உருளைக்கிழங்கு வேற கேக்குதா?"

நாலு தடவை இதே கதை. எந்த நாளில் அவருக்கு உயிர் போய் உயிர் வந்ததோ, அந்த நாளில் சட்டி காலி. பாஸ் போட்டுவிடலாமா என்றுகூடச் சபலம் தட்டியது. ஆனால் ரோட்டில் ஜனங்கள் நடக்க வேண்டுமே!

ஐந்தாவது டெஸ்ட் அன்று காலையில் முதலில் கேன்டீனுக்குப் போனார்.

"அக்கா, இன்னைக்கு முதல்ல சாப்பிடுவோம். அப்புறம் பயப்படலாம்."

ஒரே சட்டி, இரண்டு ஸ்பூன். வயிறு கொஞ்சம் நிறைந்ததும் அக்கா வாய் திறந்தார்.

"சார், எனக்கு நல்லாவே ஓட்ட வரும். நீங்க பக்கத்துல உக்காந்து 'ஐயோ ஐயோ'ன்னா எனக்குக் கை கால் எப்படி ஓடும்?"

"நான் ஐயோன்னு சொல்றேனா?"

"சுவரைப் பாத்தா 'அம்மா'ன்னும் சொல்றீங்க."

பதினெட்டு வருஷத்தில் ஒருத்தரும் அவரிடம் இதைச் சொன்னதில்லை. அன்று அவர் சீட்டில் சம்மணம் போட்டு, கன்னம் புடைக்க ஒரு வாய் உருளைக்கிழங்கை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா ரிவர்ஸ் எடுத்தார், திருப்பினார், ஒரு கோட்டைக்கூடத் தொடாமல் நிறுத்தினார். பாஸ்!

மறுநாள் ஆசையாகப் போய்த் தட்டை நீட்டினார். மொறுமொறுவென்று வறுவல் விழுந்தது.

"மசிச்சது எங்க அக்கா?"

"சந்தோஷமா இருக்கிறப்ப யாரு சார் மசிப்பாங்க?"

வேறு வழியில்லாமல் அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே வீட்டில் அடுப்பைப் பற்றவைத்து உருளைக்கிழங்கை மசித்தார். பாதி வெந்தது, பாதி வேகவில்லை. மனைவி தட்டை வாங்கி ஒரு வாய் வைத்தாள்.

"கட்டி கட்டியா இருக்கு."

"குடு, இன்னும் கொஞ்சம் மசிக்கிறேன்."

"பரவால்ல, இருக்கட்டும்," என்று தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "காலையில போன்ல தங்கச்சிகிட்ட சண்டை போட்டுட்டேன்."

அவர் இன்னும் நாலு கிழங்கை எடுத்துக் கழுவப் போனார்.