பத்துப் படங்களுக்கு அடியில்

அந்தக் கல்யாணப் படங்களை அழித்தவள் என் மருமகள் இல்லை. எதிர்வீட்டுத் தையற்காரி மெஷினை நிறுத்திவிட்டு ஆயிரம் சொல்லட்டும். கேமரா கார்டு கைக்கு வந்ததும் என் மருமகள் செய்கிற முதல் காரியம் என்னவென்று அவளுக்குத் தெரியுமா? கார்டின் ஓரத்தில் அரை அரிசி அளவுக்கு ஒரு பூட்டு இருக்கிறது. கட்டைவிரல் நகத்தால் அதைக் கீழே தள்ளுவாள். 'டிக்' என்று சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு அந்தக் கார்டில் புதிதாக ஒன்றும் ஏறாது, இருப்பதும் அழியாது. அப்புறம்தான் வந்தவரை உட்காரச் சொல்வாள். பூட்டிவிட்டு வேலையைத் தொடங்குகிறவளா அழிப்பாள்?

கெட்டுப்போன கார்டுகளிலிருந்து படங்களைத் திரும்ப எடுத்துக் கொடுப்பது அவள் தொழில். துணியோடு துணியாகத் துவைபட்டது, குழந்தை கடித்தது, காரணமே சொல்லாமல் செத்துப்போனது, எல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். தெருவில் அவளுக்குக் கார்டுக்காரி என்று பெயர். என் மகன் லாரியோடு மாதத்தில் இருபது நாள் வெளியூரில் இருப்பான். இவள் முன்னறை ஜன்னலோரம் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பூதக்கண்ணாடி, பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பர். கார்டின் பித்தளைப் பற்களை அந்த ரப்பரால் தேய்ப்பாள். பாதிக் கார்டுகள் அந்தத் தேய்ப்பிலேயே கண் விழித்துவிடும்.

வருகிறவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்பாள். "கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சப்புறம் என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமே பண்ணலைங்க" என்பார்கள், எல்லோரும்.

அவர்கள் போனதும் என்னிடம் சொல்வாள். "ஒண்ணுமே பண்ணலைன்னா நாலு தடவை கழட்டி மாட்டியிருக்காங்கன்னு அர்த்தம், அத்தை. கார்டு போனா கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா உக்காரணும். அதுதான் ஒருத்தருக்கும் முடியாது."

ஊரார் படங்களை எல்லாம் உட்கார்ந்து ரசிக்கிறாளாம். அதுவும் தையற்காரி சொன்னதுதான். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் கண் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவள் படத்தைப் பார்ப்பதில்லை, படத்தின் அடியைப் பார்க்கிறாள். உடைந்த படம் மேலே ஒழுங்காக ஆரம்பித்துப் பாதியில் சாம்பல் நிறமாகிவிடும். அடிவரை நிறம் இருக்கிறதா, அடுத்தது. இருக்கிறதா, அடுத்தது. கடைப் பையன் கொண்டு வந்த கார்டிலிருந்து இரும்புக் கடைக்காரர் குடும்பத்துப் படம் நானூறை மீட்டுக் கொடுத்தாள். மறுநாள் அவரே வாசலில் வந்து நிற்கிறார், "யாருங்க நீங்க?" என்று கேட்கிறாள். மனிதர் திகைத்துப் போனார். "முகமெல்லாம் எங்கே பார்த்தேன் அத்தை, அவரோட செருப்புத்தான் ஞாபகம் இருக்கு" என்றாள்.

திரையில் ஒரு பச்சைக்கோடு புழு மாதிரி நகரும். அது நகர்கிறவரை இவளும் நகர மாட்டாள். பக்கத்தில் வைத்த காபியில் ஆடை படிந்துவிடும். மத்தியானத்தில் ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு நாற்காலியிலேயே சாய்ந்துவிடுவாள். "போய்ப் படுத்துக்கோம்மா" என்றால், "ஓடிட்டிருக்கு அத்தை. நடுவுல நின்னா முதல்லேருந்து ஓடணும்" என்பாள், துணியை எடுக்காமலே. நாற்பத்தொரு வயதில் என்னைவிடக் கிழவியாக எழுந்திருக்கிறாள்.

இந்தப் பேச்சு எப்படிக் கிளம்பியது என்றால், அந்தப் போட்டோக்காரனால். அடுத்த தெருவில் கடை வைத்திருப்பவன். ஒரு கல்யாணத்தின் மொத்தப் படமும் இருந்த கார்டு அவனிடம் மக்கர் செய்தது. பயந்துபோய்க் கொண்டு வந்தான். இவள் பூட்டைத் தள்ளினாள், கேள்வியைக் கேட்டாள். "ஒண்ணுமே பண்ணலைக்கா."

மூன்று நாள் வேலை. ஏறக்குறைய எல்லாம் வந்தது. ஆனால் கல்யாணத்தன்று காலையில் முதலில் எடுத்த பத்துப் படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வேறு பத்து இருந்தன. ஒரு முக்காலி. ஓடாத மின்விசிறி. சாத்திய கதவு. அவனுடைய ஷூ, அதுமட்டும் மூன்று தடவை. கார்டு பிழைத்துவிட்டதா என்று பார்க்க, கேமரா கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று அமுக்கி எல்லாவற்றையும் துடைத்திருக்கிறான். பிறகு வீட்டுக்குள்ளேயே பத்துப் படம் எடுத்திருக்கிறான். துடைத்ததைக்கூட மீட்டுவிடலாமாம். மேலே வேறு படம் ஏறி உட்கார்ந்துவிட்டால் அடியில் இருந்தது போனது போனதுதான்.

போன பத்தில்தான் கல்யாணப் பெண்ணும் அவள் அப்பாவும் இருந்தார்கள். கையைப் பிடித்து வீட்டுப்படியில் இறக்கிக் கூட்டி வந்தாராம். கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள் அவர் போய்விட்டார். இருவர் மட்டும் சேர்ந்து நின்ற படம் அந்த வீட்டில் வேறு கிடையாது.

திரையில் தன் ஷூவைப் பார்த்ததும் போட்டோக்காரனுக்கு வியர்த்தது. "அக்கா, இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அப்புறம் ஒருத்தன் என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டான்."

"நான் எதுக்குச் சொல்றேன்" என்றாள்.

"இந்தச் சனியனை நீங்களே வெச்சுக்கோங்க" என்று கார்டை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனான். போனவன் பெண் வீட்டில் என்ன சொன்னான் தெரியுமா? கார்டுக்காரி கைதவறி அழித்துவிட்டாள் என்று.

அந்தப் பெண்ணே ஒருநாள் வந்தாள். சண்டை போடவில்லை, போட்டிருந்தாலும் தேவலை. வாசற்படியில் நின்றபடி, "எங்கப்பாவை என்ன பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டாள். தெரு முழுக்க ஜன்னல் திறந்திருந்தது. என் மருமகள், "இன்னும் தேடிட்டுத்தான் இருக்கேம்மா" என்றாள்.

உள்ளே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "அந்த ஷூவைக் காட்ட வேண்டியதுதானே? உனக்கு வாய் இல்லையா?"

"காட்டினா அவளுக்கு அப்பா கெடைச்சுடுவாராத்தை?"

"உன் பேரு கெடைக்கும்டீ!"

அவள் மேஜைக்குப் போய்விட்டாள். பச்சைக்கோடு ஓடத் தொடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு பதினோரு நாள். அவன் எடுத்த கடைசிப் படம், அடியிலிருந்த பத்தாவது படத்தை முழுதாக மூடவில்லையாம். கொஞ்சம் வால் மிச்சமிருக்கிறது என்றாள். "தலை இல்லாத படம் திறக்காது, அத்தை. அதே கேமராவுல எடுத்த வேற படத்தோட தலையை வெட்டி இதுக்கு ஒட்டணும்." ஒட்டினாள், திறக்கவில்லை. வேறொன்றை ஒட்டினாள். கண்ணில் நீர் வழிய வழிய உட்கார்ந்திருந்தாள். வேறு கார்டு எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிக்கொள்ளக் கொடுப்பாரும் இல்லை. ஒருத்தி முந்தின மாதம் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள்.

பதினோராம் நாள் மத்தியானம், "அத்தை, இங்கே வாங்க" என்றாள். மேலே முக்கால்வாசி வெறும் சாம்பல். முகம் இல்லை, தோள் இல்லை. அடியில் மட்டும் ஒரு துண்டு. அரக்குப் புடவை, படியின் விளிம்பு, ஒரு பெரிய கைக்குள் ஒரு சின்னக் கை. பெரிய கையின் சட்டைமுனையில் ஒரு பொத்தான் போட மறந்திருந்தது. இரண்டு பேரும் ரொம்ப நேரம் பார்த்தோம். அவள் ஒரு படத்தைப் படமாகப் பார்த்து அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று என்னிடமும் கேட்டிருந்தாள். அவள் போட்டோக்காரனுக்கு வாக்குக் கொடுத்தாள், நான் கொடுக்கவில்லை. இதெல்லாம் நடந்து மூன்று மாதம் ஆகிறது, இத்தனை நாள் பொறுத்ததே பெரிது.

மறுநாள் காலையில் அந்தத் துண்டைக் காகிதத்தில் படமாகப் போட்டு, உறைக்குள் வைத்துக்கொண்டு, தானே பெண் வீட்டுக்குக் கிளம்பினாள். கடைக்குக்கூட என்னையே அனுப்புகிறவள். எதிர்வீட்டில் மெஷின் சத்தம் நின்றது. "கார்டுக்காரி எங்கேயோ கிளம்பிட்டாப்பா" என்று தையற்காரி யாருக்கோ கேட்கும்படி சொன்னாள்.

நான் சும்மா இருப்பேனா? அவள் தலை வாரும்போதே, அந்த ஷூவும் முக்காலியும் இருக்கிற கார்டை அவள் பைக்குள் போட்டு வைத்திருந்தேன்.

வாசலில் செருப்பு மாட்டியவள் குடையைத் தேடிப் பைக்குள் கையை விட்டாள். கார்டு கையில் வந்தது. என்னை ஒருதரம் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தால் அந்தப் பூட்டைத் தடவி, கீழேதான் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டாள். கார்டை என் உள்ளங்கையில் வைத்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கி மூடிவிட்டு, படி இறங்கிப் போனாள்.