ஒரு ஸ்டாருக்காகக் காத்திருக்கிறேன்

இன்று காலை செங்கம் ரோட்டிலுள்ள என் ஸ்போர்ட்ஸ் மசாஜ் சென்டருக்கு ஒரு மாரத்தான் ஓட்டக்காரர் வந்தார். இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்தே வந்தவர்.

“கெண்டைக்கால் புடிச்சிக்கிச்சுங்க. நல்லா அழுத்தி விடுங்க, சாயங்காலம் கிரிவலம் போகணும்.”

தொட்டுப் பார்த்தேன். இடது கால் மட்டும் வீங்கி, சுட்டது. கையை எடுத்துவிட்டேன்.

“இது தசைப்பிடிப்பு மாதிரி தெரியல. உள்ள ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சி கட்டியாயிருக்கலாம். அழுத்தினா அது நுரையீரலுக்குப் போய் அடைச்சி உயிரே போயிடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

“மசாஜ் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுப்பா. சும்மா பயமுறுத்தாத. ரிவ்யூல உனக்கு ஒரு ஸ்டார்தான்.”

வெளியே போய் ஆட்டோ ஏறினார். “அடி அண்ணாமலை போப்பா. அங்க ஒருத்தர் எண்ணெய் போட்டு உருவி விடுவாராமே” என்று டிரைவரிடம் சொன்னது காதில் விழுந்தது. நான் ஓடி வருவதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது. அவர் நம்பரும் வாங்கவில்லை.

அந்தச் சூடு என் உள்ளங்கையிலேயே நிற்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை.

சென்டரின் ரிவ்யூ பக்கத்தைத் திறந்து திறந்து பார்க்கிறேன். அந்த ஒரு ஸ்டார் இன்னும் வரவில்லை.

மஞ்சள் டீ-ஷர்ட், இடது காலை இழுத்து நடப்பார். கிரிவலப் பாதையில் யாராவது பார்த்தால் பேச்சுக் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அங்கே படுத்துக்கொண்டு எனக்கு ஒரு ஸ்டார் போடட்டும்.